வலப்பக்கத்துத் திருத்தம்

நம் மலாய் ஆசிரியர் சிக்கு (மலாயில் ஆசிரியரை அழைக்கும் சொல்) காலமான செய்தி நம் வாட்ஸாப் குழுவுக்கு வந்த இரவு, பெர்த்திலிருந்தும் லண்டனிலிருந்தும் சிலர் மலாயில் இரங்கல் எழுதினார்கள். நான்கைந்து வரிதான். அதிலும் பிழை இருந்தது. யாரும் திருத்தவில்லை.

1984 புகுமுக வகுப்புக்காரர்களுக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் மலாய் ஒரு பாடம். இடைநிலைப்பள்ளியில் வரலாறு, அறிவியல், கணிதம் எல்லாமே மலாயில். நடுவில் இருந்தது அந்த ஓராண்டுப் புகுமுக வகுப்பு. வகுப்பு நேரத்தை மட்டும் நம்பியிருந்தால் நாம் கரையேறியிருக்க மாட்டோம். அவர் கொடுத்த வீட்டுப்பாடம்தான் கரையேற்றியது. வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம்மில் பலருக்கு இன்று அது பயன்படும் என்பதால், அந்த முறையை உள்ளபடி எழுதி வைக்கிறேன்.

நாளுக்குப் பத்து வாக்கியம், அதற்கு மேல் இல்லை. நோட்டின் இடப்பக்கத்தில், ஒரு வரி விட்டு ஒரு வரி. முதலில் பாடநூல் பத்தியை இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்க வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை எழுத வேண்டும். பிறகுதான் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் நாமே சேர்க்க வேண்டும். சிவப்பே இல்லாத நோட்டைத்தான் சிக்கு முதலில் சந்தேகப்படுவார். பார்த்து எழுதும்போது கண்ணும் கையும் உழைக்கும், நினைவு சும்மா இருக்கும். மூடிவிட்டுத் தேடுகிற அந்தத் திணறலில்தான் சொல் மனத்தில் ஒட்டுகிறது.

நோட்டு மறுநாளே திரும்பிவிடும். ஒரு வாரம் கழித்து வரும் திருத்தம் பிள்ளைக்கு யாரோ எழுதிய பிழையாகத் தெரியும். வலப்பக்கம் திருத்தத்துக்கு: பிழையான சொல்லை மட்டுமல்ல, முழு வாக்கியத்தையும் மூன்று முறை எழுத வேண்டும். மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பதில் அவர் கறாராக இருந்தார். நூறு தடவை எழுதச் சொன்னவர்களும் நமக்கு வாய்த்தார்கள். நூறு தடவை எழுதும் பிள்ளை முதல் சொல்லை மேலிருந்து கீழாக நூறு வரியிலும் எழுதும், பிறகு இரண்டாம் சொல்லை, பிறகு மூன்றாவதை. வாக்கியம் அதன் மனத்தில் ஒரு முறைகூட ஓடியிருக்காது.

நம் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. 'பாராங்' என்று தமிழில் எழுதினால் அது சாமானா, வெட்டுக்கத்தியா? 'பாம்பு' என்ற சொல்லின் முதல் ஒலியில் தொடங்கினால் வெட்டுக்கத்தி. அதே சொல்லின் கடைசிப் 'பு'வில் வரும் ஒலியில் தொடங்கினால் சாமான். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. 'காஜி'யும் அப்படித்தான், ஒன்று சம்பளம், மற்றது ஆய்தல். இது உச்சரிப்போடு நிற்பதில்லை. 'மெ' முன்னொட்டு சேரும்போது வல்லொலி மறைந்து அதன் இனமான மெல்லொலி வரும்: பூக்குல் மெமூக்குல் ஆகும், தூலிஸ் மெனூலிஸ், கீரா மெஙீரா, சாப்பு மெஞாப்பு. 'பாம்பு'வின் கடைசி ஒலி போன்றவை மறையாது. மெல்லொலி அவற்றுக்கு முன்னால் வந்து நிற்கும்: பாச்சா (படித்தல்) மெம்பாச்சா ஆகும். பாச்சாவின் முதல் ஒலியைக் காது தவறாக வாங்கினால் கை 'மெமாச்சா' என்று எழுதும். மற்றவர்கள் அதை இலக்கணப் பிழை என்று வட்டமிட்டு இன்னும் பத்துப் பயிற்சி கொடுப்பார்கள். சிக்கு அதைக் காதுப் பிழை என்று கண்டார். அதற்கு அவர் கொடுத்த வீட்டுப்பாடம்: பசார் மாலாமுக்கு, அதாவது இரவுச் சந்தைக்குப் போய், இந்த ஒலியில் தொடங்கும் மூன்று சொல், அந்த ஒலியில் தொடங்கும் மூன்று சொல், காதில் விழுந்தபடி எழுதி வருவது. பிழை எங்கே பிறக்கிறதோ அங்கே போகும் வீட்டுப்பாடம் அது.

அவரும் வீட்டுப்பாடம் செய்தார். நம் பிழைகளைப் புரிந்துகொள்ள, நம்மிடமே தமிழ் எழுத்து கற்றார். வல்லினம் கசடதபற, மெல்லினம் ஙஞணநமன என்று நாம் ஒப்பித்தபோது, கரும்பலகைக்குப் போய் மலாய் எழுத்துகளை அந்த வரிசையில் எழுதிப் பார்த்தார். முன்னொட்டில் மறைகிற நான்கு ஒலிகள் நம் க, ச, த, ப. அவை மாறுவது ங, ஞ, ந, ம. மலாய்ப் பிள்ளைகள் தனியாக மனனம் செய்ய வேண்டிய விதியை நாம் தமிழ்ப்பள்ளியிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்தோம், தெரியாமலே. அன்றைக்குப் பிறகு அந்த விதியில் யாரும் தடுமாறியதாக நினைவில்லை. 'மெங்காஜி' என்றால் ஆய்தல், 'மெஙாஜி' என்றால் குர்ஆன் ஓதுதல் என்ற விலக்கைக்கூட எளிதாகப் பிடித்துக்கொண்டோம்.

சொற்களுக்கு மூன்று மைலோ டின். மணிலா அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு பக்கம் மலாய், மறுபக்கம் தமிழ். முதல் டின்னை நாள்தோறும் பார்க்க வேண்டும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரம் ஒரு முறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டின்னுக்குப் போகும். தவறினால், எந்த டின்னில் இருந்தாலும், முதல் டின்னுக்குத் திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் எழுதிய நூலில் விளக்கிய அட்டைப்பெட்டி முறையும் இதே அடிப்படைதான். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று 1885-இலேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னைத்தானே சோதித்து எழுதிவிட்டார்: பெரும் பகுதி முதல் நாளுக்குள்ளேயே போய்விடும், ஆனால் திரும்பப் படிக்கும்போது முன்னைவிடக் குறைந்த நேரம் போதும். வெள்ளி இரவு ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிட நாளுக்குப் பத்து நிமிடம் மேல் என்பதற்குக் காரணம் இதுதான். டின்னில் ஒரே நாளில் ஐம்பது அட்டை போட்டவர்கள் இரண்டாம் வாரம் கைவிட்டார்கள். ஏழெட்டுப் போட்டவர்கள் ஆண்டு முடியும்வரை வந்தார்கள்.

வீட்டில் மலாய் தெரிந்தவர் இருந்தால்தான் செய்ய முடியும் என்ற வீட்டுப்பாடத்தை அவர் கொடுத்ததே இல்லை. இது பெரிய விஷயம். உதவ வந்த அண்ணன்மார் சிலர் 1972 ஆகஸ்டில் வந்த எழுத்துக்கூட்டல் மாற்றத்துக்கு முன் படித்தவர்கள். c என்ற ஓரெழுத்து போதும் என்றான, 'பாச்சா'வில் வரும் 'ச'கரத்துக்குப் பழைய வழக்கப்படி ch என்று ஈரெழுத்து போட்டுக் கொடுப்பார்கள். பட்டர்வொர்த்திலிருந்து வந்தவர்களுக்கு வேறு ஆபத்து. பினாங்குத் தீவுக்குப் பாலம் 1985-இல் திறக்கும்வரை ஃபெரிதான் வழி, அந்தப் பயணத்துக்குள் பத்து வாக்கியத்தைப் பார்த்து எழுதிவிடலாம். மூன்று நோட்டில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால் சிக்கு திட்டமாட்டார். மூவரையும் அழைத்து, புத்தகத்தை மூடச் சொல்லி, அங்கேயே ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்.

ஆண்டிறுதி விடுமுறைக்கு ஒரே வீட்டுப்பாடம், அவருக்கு ஒரு கடிதம். செபூச்சுக் சூராட். கடிதத்தை எண்ண மலாயில் துளிர் என்று பொருள்படும் சொல் வரும் என்பதை நாம் கற்றது அதில்தான். அரைப்பக்கம், கூடவே சொந்த முகவரி எழுதி முத்திரை ஒட்டிய உறை. பினாங்கின் பாலிக் பூலாவிலிருந்து திருத்தி அனுப்புவார், அடியில் தமிழில் 'நண்று' என்று எழுதி. மலாயில் ஒரே ஒரு 'ன' ஒலிதான், அவருக்கு அந்த இடம் எப்போதும் குழப்பம். ஜனவரியில் பள்ளி திறந்ததும் நாம் அதைச் சொன்னோம். தன் நோட்டை எடுத்து வலப்பக்கத்தில் 'நன்று' என்று மூன்று முறை எழுதினார்.

பள்ளி முடிந்து போகும்போது, எங்கிருந்தாலும் எழுதுங்கள், திருத்தி அனுப்புகிறேன் என்றார். முதல் ஓரிரு ஆண்டு சிலர் எழுதினோம். பிறகு வேலை, குடியுரிமை, பிள்ளைகளின் பள்ளி. நம்மோடு மலாய் பேச இங்கே யாருமில்லை. மூன்றாவது டின்னில் இருந்த சொற்கள் ஒவ்வொன்றாக முதல் டின்னுக்குத் திரும்பின, அந்த டின்னை யாரும் திறக்கவில்லை.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன் அவர் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று குழுவில் முடிவானது. அரைப்பக்கம், மலாயில். மூன்றாம் வரியில் 'காராங்'குக்கு (எழுதி இயற்றுதல்) முன்னொட்டு சேர்க்கும்போது கை நின்றது. க போய் ங வரும், மெஙாராங். எழுதிவிட்டோம். மற்ற வரிகள் சரியா என்று தெரியவில்லை. தாளின் வலப்பக்கத்தை விட்டுவைத்திருக்கிறோம்.