அலுவலகக் குறிப்பு

மாநகராட்சி வரி வசூல் பிரிவிலிருந்து என்னை மன்றப் பிரிவுக்கு மாற்றியது 2006-ஆம் ஆண்டின் கடைசியில். உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புது மாமன்றம் பதவியேற்ற நேரம். அன்று முதல் 2024-ல் ஓய்வு பெறும் வரை, இந்த ஊர் மாமன்றத்துக்கு வந்த தீர்மானப் பொருள்களில் பெரும்பாலானவை என் மேசையைத் தாண்டித்தான் போயின.

என் வேலை இதுதான். ஒவ்வொரு துறையும் மன்றத்தின் அனுமதி வேண்டி ஒரு குறிப்பு அனுப்பும். அதற்கு அலுவலகக் குறிப்பு என்று பெயர். அதைப் படித்து, பிழை திருத்தி, பொருள் எண் கொடுத்து, அஜெண்டாவாக அச்சடித்து, கூட்டத்துக்குச் சில நாள் முன்பே கவுன்சிலர்கள் வீட்டுக்கு ஆள் மூலம் சேர்ப்பிக்க வேண்டும். கூட்டத்தன்று மேடைக்குக் கீழே சின்ன மேசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். பிறகு தீர்மானத்தை எழுதி, மேயரிடம் கையெழுத்து வாங்கி, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எல்லாக் குறிப்பும் ஒரே வரியில் முடியும்: 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது.' அந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை டைப் செய்திருப்பேனோ தெரியாது.

ஒரு கூட்டத்தில் அறுபது, எழுபது பொருள்கள் வரும். வார்டுக்கு வார்டு சாக்கடை, தார்ச்சாலை, தெருவிளக்கு, மோட்டார் பழுது. நடுவில் எங்கேயாவது ஒரு பொருள் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு சம்பந்தப்பட்டதாக இருக்கும். பார்த்தால் தெரியாது. அதே எழுத்து, அதே நடை.

2023-ன் தொடக்கத்தில் அப்படி ஒரு பொருள் வந்தது. நகரின் குப்பை அள்ளும் வேலையைச் சில ஆண்டுகளுக்கு மொத்தமாக ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுப்பது. அதற்குச் சில மாதம் முன்புதான் அரசாணை 152 வந்திருந்தது. மாநகராட்சிகளில் தூய்மைப் பணி உட்படப் பல அடிநிலைப் பணிகளை வெளிமுகமை, அதாவது தனியார் ஏஜென்சி, மூலம் செய்துகொள்ளச் சொன்ன 2022 அக்டோபர் ஆணை. அதனால் எங்கள் ஊரில் மட்டும் நடந்த விஷயம் இல்லை இது. குறிப்பு நான்கு பக்கம். தினமும் எத்தனை டன் குப்பை, எத்தனை வார்டு, எத்தனை பேட்டரி வண்டி, டன்னுக்கு என்ன விலை, எந்த நிதியிலிருந்து செலவு என்று எல்லாம் இருந்தது. மனிதர்கள் மட்டும் ஒரே சொற்றொடரில் இருந்தார்கள்: 'போதிய பணியாளர்களுடன்.' நான்தான் டைப் செய்தேன். ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். அந்தச் சொற்றொடரில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

கூட்டத்தில் அந்தப் பொருள் வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. ஒரு பெண் கவுன்சிலர் எழுந்தார். 2022 தேர்தலில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது முதன்முறையாக நின்று ஜெயித்தவர். அதற்கு முன் மகளிர் சுய உதவிக் குழு நடத்தியவர். அவர் வார்டில்தான் தூய்மைப் பணியாளர் குடியிருப்பு இருக்கிறது. ஒரு வருடமாக அவர் மன்றத்தில் அதிகம் பேசியதில்லை.

"மேயர் அவர்களே, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இப்ப வேலை பாக்குறவங்க மாசம் கையில எவ்வளவு வாங்குறாங்க? கம்பெனி வந்த பிறகு எவ்வளவு வாங்குவாங்க?"

சுகாதாரப் பிரிவு அதிகாரி கோப்பைப் புரட்டினார். பொறியாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். "அரசு விதிகளின்படி வழங்கப்படும்" என்று பதில் வந்தது. "அது எவ்வளவுங்க?" என்று மறுபடி கேட்டார். பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் தகவல் தரப்படும் என்று மேயர் சொல்ல, எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்லி இரண்டு உறுப்பினர்கள் குரல் கொடுக்க, பொருள் நிறைவேறியது. நான் எழுதினேன்: 'விவாதத்திற்குப் பின் அனுமதிக்கப்பட்டது. உறுப்பினர்கள் இருவரின் எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டது.'

இரண்டு வாரம் கழித்து அவர் எங்கள் பிரிவுக்கே வந்தார். தீர்மான நகல் கேட்டார். கொடுத்தேன். நின்றபடியே படித்தார். ஒருமுறை திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று.

"நான் கேட்டது எங்க சார்?"

"விவாதத்துக்குப் பின்னு போட்டிருக்கேன் மேடம். அதுக்குள்ள அடங்கிடும். கேள்வி பதிலெல்லாம் தீர்மானத்துல எழுதுற வழக்கம் இல்லை."

"குடியிருப்புல போய் நான் என்னத்தைக் காட்டுறது? எங்களுக்காகப் பேசினியான்னு கேக்குறாங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று வேறு வேலை ஓடவில்லை எனக்கு. நான் ஒன்றும் தப்பாக எழுதவில்லை, விதிப்படிதான் எழுதியிருக்கிறேன். ஆனால் பத்தாண்டு கழித்து யாராவது அந்தப் பதிவேட்டைத் திறந்தால், இந்த மன்றத்தில் ஒருவருக்குக் கூட அந்தக் கேள்வி தோன்றவில்லை என்றுதான் நினைப்பார்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அந்தக் குடியிருப்புப் பக்கம் மஸ்டர் எடுக்கும் இடத்துக்குப் போனேன். அத்தனை வருட சர்வீஸில் அந்த நேரத்துக்கு அங்கே நான் போனது அதுதான் முதல் தடவை. வருகைப் பதிவு முடிந்து வண்டி வரக் காத்திருந்தார்கள். எனக்கு முன்பே பழக்கமான ஒரு அக்கா இருந்தார். முன்பு எங்கள் அலுவலக வராந்தா கூட்டியவர். சம்பளம் பற்றிக் கேட்டதும் இடுப்புச் சுருக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் பாஸ்புக், ஈஎஸ்ஐ அட்டை, மூன்று பழைய அடையாள அட்டைகள். மூன்றிலும் அவர் படம்தான். மூன்றும் வெவ்வேறு ஏஜென்சி.

"பாரு சார், ஒவ்வொரு ஏஜென்சி மாறுறப்பவும் நான் புது ஆளு. பதினோரு வருசமா இதே தெருவைத்தான் கூட்டுறேன்."

பாஸ்புக்கைப் பார்த்தேன். கலெக்டர் நிர்ணயித்த தினக்கூலியை இருபத்தாறு நாளுக்குப் பெருக்கினால் வரும் தொகைக்கும் அவர் கணக்கில் ஏறியிருந்த தொகைக்கும் மூவாயிரத்துச் சொச்சம் இடைவெளி. வைப்பு நிதிக்குத் தொழிலாளி பங்கு 12 சதவீதம், ஈஎஸ்ஐக்கு முக்கால் சதவீதம் பிடிப்பது சட்டப்படி சரி. அதைக் கழித்தாலும் கணக்கு இடித்தது. முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் சேர்த்து இவர்கள் கூலியிலேயே பிடித்தால்தான் அவ்வளவு குறையும். இப்படி ஒரு புகார் தூய்மைப் பணியாளர்களிடம் ரொம்ப நாளாகவே உண்டு. நான் காதால் கேட்டதோடு சரி, கண்ணால் பார்த்தது அன்றுதான். வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) சட்டம் தொடர்ந்து ஐந்து வருட வேலையைக் கேட்டது. ஏஜென்சி அதற்குள் மாறிவிட்டால், பதினோரு வருடம் கூட்டியவருக்கும் தொடர்ச்சியைக் காட்டக் காகிதம் இருக்காது. அந்த மூன்று அட்டைகளை அவர் ஏன் பத்திரமாக வைத்திருந்தார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு அதுதான் சர்வீஸ் புக்.

அன்றிலிருந்து மன்றம் என்பதையே நான் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். மன்றத்துக்கு அதிகாரம் குறைவு என்று கவுன்சிலர்கள் புலம்புவார்கள். பொய்யில்லை. 74-வது திருத்தத்தோடு அரசியல் சட்டத்தில் சேர்ந்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொருள்கள் இருக்கின்றன, நகர்ப்புற வறுமை ஒழிப்பு அதில் ஒன்று. ஆனால் 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்வு வந்தபோது எங்கள் மன்றம் மூன்று மணி நேரம் வாதாடியும் ஒரு ரூபாயைக் கூடக் குறைக்க முடியவில்லை. ஒன்றிய நிதிக்குழு மானியம் வேண்டுமானால் வரியைத் திருத்தியே ஆக வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தைச் சில ஊர்களில் சோதனை முறையில் தொடங்கியது. ஊரகத்தில் அப்போது நூறு நாள் வேலை இருந்ததே, அதுபோல. எங்கள் ஊர் பட்டியலில் இல்லை. அதைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் மட்டும் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். கொரோனாவுக்குப் பிறகு வேலை போனவர்களின் கதையை வார்டு வார்டாகச் சொன்னார்கள். அரசைக் கேட்டுக்கொள்வதாகத் தீர்மானம் போட்டோம். போட முடிந்தது அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை மன்றமே கிடையாது. தேர்தல் நடக்கவில்லை. ஆணையரே தனி அலுவலர். குறிப்பை ஆணையர் அலுவலகம் தயாரிக்கும், தனி அலுவலர் தீர்மானிப்பார், ஆணையர் செயல்படுத்துவார். மூவரும் ஒருவரே. மன்ற அரங்கைப் பூட்டி நாற்காலிகள் மேல் துணி போர்த்தியிருந்தோம். அப்போதும் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்' என்றுதான் டைப் செய்துகொண்டிருந்தேன். ஐந்தரை வருடம் ஏன், எவ்வளவு என்று கேட்க அந்த அரங்கில் யாரும் இல்லை. ஒப்பந்த வேலை எங்கள் ஊரில் வேர் பிடித்தது அந்த வருடங்களில்தான் என்பது என் கணிப்பு.

ஆக, அதிகாரம் குறைவுதான். ஆனால் இருக்கிற கொஞ்ச அதிகாரத்தையும் பயன்படுத்த விடாமல் செய்தது எங்கள் குறிப்பு. டன் கணக்கு இருந்ததால் மன்றம் டன்னைப் பற்றிப் பேசியது. வண்டிக் கணக்கு இருந்ததால் வண்டியைப் பற்றிச் சண்டை போட்டது. கூலிக் கணக்கு இல்லை, அதனால் ஒரே ஒருவர் கேட்டார், அவருக்கும் பதில் இல்லை. அந்தக் காகிதத்தைத் தயாரித்த வரிசையில் நானும் ஒருவன்.

அப்புறம் ஒன்று செய்தேன். ஒப்பந்தப் பணி சம்பந்தமான குறிப்பு எது வந்தாலும், தற்போது எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, புது ஒப்பந்தத்தில் எவ்வளவு, பழைய ஆட்களுக்கு வேலை உண்டா என்று துறையிடம் கேட்டு ஒரு பத்தி சேர்த்து மேலே அனுப்பினேன். முதல் தடவை அந்தப் பத்தி பென்சிலால் குறுக்கே கோடு போட்டுத் திரும்பி வந்தது. ஓரத்தில் 'தேவையில்லை' என்று எழுதியிருந்தது. இரண்டாவது தடவையும் அதே பென்சில். மூன்றாவது முறை அதிகாரி மாறியிருந்தார். அவர் கூப்பிட்டு, "இது யார் கேட்டது?" என்றார். "மன்றத்தில் உறுப்பினர் கேட்டார் சார், தகவல் தரப்படும்னு மேயர் சொல்லியிருக்காங்க" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதக் கூட்டம். குடிநீர்க் குழாய் வால்வு திறப்பவர்களை ஏஜென்சிக்கு மாற்றும் பொருள். பத்தி அச்சாகியிருந்தது. இந்த முறை எழுந்தது அந்தப் பெண் கவுன்சிலர் இல்லை, எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தப் பத்தியை வரி பிசகாமல் வாசித்தார். "இப்போ வாங்குறதை விடக் குறைச்சலா வாங்கப் போறாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, இதுக்கு எப்படிக் கை தூக்குறது?" என்றார். அந்தப் பெண் கவுன்சிலர் தன் இடத்தில் இருந்தபடியே மேசையைத் தட்டினார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் தட்டினார்கள். மேயர் ஆணையரைப் பார்த்தார். பொருள் ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த மாதம் அது திரும்ப வந்ததா, எந்த வடிவில் வந்தது என்று பார்க்க நான் அங்கே இல்லை. ஒத்திவைப்புத் தீர்மானத்தை எழுதியது நான்தான். வழக்கமாக ஒரு வரி. அன்று பெரியவர் கேட்ட கேள்வியை அவர் சொன்னபடியே முழுசாக டைப் செய்து, கீழே 'ஒத்திவைக்கப்பட்டது' என்று போட்டு, மேயரின் கையெழுத்துக்கு அனுப்பினேன். திருத்தம் இல்லாமல் திரும்பி வந்தது. இரண்டு நகல் எடுத்தேன். ஒன்று பதிவேட்டுக்கு. இன்னொன்றை அந்தப் பெண் கவுன்சிலரிடம், கேட்காமலேயே, கொண்டுபோய்க் கொடுத்தேன்.