கடைசியாக இறங்கும் பிள்ளை

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்து, இன்று லண்டனில் சங்கம் வைத்திருக்கும் நம் தலைமுறைக்குப் பிள்ளைப் பாதுகாப்பு என்றால் ஆயாக் கொட்டகைதான். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குக் கிளம்பும் அம்மா, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டுவந்து ஆயாவிடம் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார். பள்ளிக்கூடம், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து கூப்பிடு தூரம். எந்தப் பிள்ளை எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நடக்கிறது என்று லயம் முழுக்கத் தெரியும்.

அதே லயம்தான் வாயையும் மூடிக்கொண்டது. தப்புச் செய்தவர், வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கு வேண்டியவராக இருந்தால் யாரும் பேசமாட்டார்கள். பேசினால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பிள்ளையை வேறு தோட்டத்திலிருக்கும் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு விஷயத்தை முடித்துவிடுவார்கள். நம் சங்க மலர்களில் தோட்டத்து நினைவுகளை எழுதும்போது ஆயாக் கொட்டகையை எழுதுகிறோம், இதை எழுதுவதில்லை. விட்டுவிட்டு எழுதுவது எனக்கு உறுத்துகிறது.

ரப்பர் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்தது. குடும்பங்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் இடம் பெயர்ந்தன. பள்ளிக்கூடம் மட்டும் பல இடங்களில் செம்பனைக்கு நடுவிலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் இப்போது வேனில் வருகிறார்கள். அந்த வேன் கட்டணத்துக்கும், மாலை டியூஷனுக்கும், விடுமுறை முகாமுக்கும்தான் நாம் லண்டனிலிருந்து பணம் அனுப்புகிறோம். நம் பணம் ஒரு பெரியவரை ஒரு பிள்ளையின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்றால், அந்தப் பிள்ளைக்கு நாமும் பொறுப்பு.

வேனில் இருந்தே தொடங்குகிறேன். காலையில் முதலில் ஏறும் பிள்ளைதான் பெரும்பாலும் மாலையில் கடைசியாக இறங்கும். ஆக, ஒரே பிள்ளை தினமும் இரண்டு முறை, கால் மணி நேரம் போல, செம்பனைச் சாலையில் ஒரே ஒரு பெரியவரோடு தனியாக இருக்கிறது. ஓட்டுநர் தங்கமானவராக இருக்கலாம். ஆனாலும் அந்தக் கால் மணி நேரத்தைப் பார்க்க ஆளில்லை. கடைசி நிறுத்தத்தில் குறைந்தது இரண்டு பிள்ளைகள் இறங்கும்படி வழியை மாற்றுவதுதான் சரியான தீர்வு. முடியாவிட்டால் உதவியாளராக ஓர் அம்மாவைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். அதுவும் உடனே நடக்காதென்றால், கடைசிப் பிள்ளை பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும், ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் ஒருபோதும் கூடாது. ஒரு தாளில் பெயர், நிறுத்தம், ஏறிய நேரம், இறங்கிய நேரம் எழுதி ஓட்டுநர் தினமும் கையெழுத்திட வேண்டும். வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் தாமதமானால் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். வாரம் கழித்துக் கேட்டால் மழை, டயர், டிராஃபிக் என்று எதுவும் பதிலாக வரும். மாற்று ஓட்டுநர் வந்தால் அவர் பெயர் முன்கூட்டியே பள்ளிக்கும் பெற்றோருக்கும் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் பிள்ளை ஏறக்கூடாது. பயணிகள் வண்டி ஓட்டுவதற்கான பி.எஸ்.வி. உரிமம் இருக்கிறதே என்பார்கள். அவர் பிள்ளைகளோடு எப்படி நடந்துகொள்வார் என்று அது சொல்லாது.

ஒரே வேன் இரண்டு நடை அடிக்கும் பள்ளிகளில் இன்னொரு ஓட்டை உண்டு. முதல் நடையில் வரும் பிள்ளைகள் இருட்டோடு வந்து, ஆசிரியர் வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். கழிவறை பின்கட்டில் இருக்கும். அந்த நேரத்துக்கு ஒரு பெரியவரின் பெயர் அட்டவணையில் இருக்க வேண்டும். கழிவறைக்கு இரண்டிரண்டு பேராக அனுப்ப வேண்டும். ஸ்டோர் அறை பூட்டியிருக்க வேண்டும்.

ரோத்தான் என்ற பிரம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் விருந்துகளில் வாங்கிய அடியைப் பெருமையாகப் பேசுகிறோம். மலேசியாவின் 1959ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிகளே பெண்பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது என்கின்றன. பையன்களையும் தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ மட்டும்தான் அடிக்கலாம். நம் காலத்தில் யார் வேண்டுமானாலும் அடித்தார்கள். பென்சில் தொலைத்ததற்கு அடி வாங்கிய பிள்ளை, அடித்த அதே ஆளிடம் போய்ப் பெரிய விஷயத்தைச் சொல்லாது.

இனி, இங்கிருந்து விடுமுறை முகாமுக்குப் போகும் நம் தொண்டர்கள். 2016 ஜூனில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் ரிச்சர்ட் ஹக்கிள் என்ற ஆங்கிலேயருக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. பிள்ளைகளுக்கு எதிரான 71 குற்றங்களை அவர் ஒப்புக்கொண்டிருந்தார். கோலாலம்பூரின் ஏழைக் குடும்பங்களுக்குள் அவர் தொண்டராகவும் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவராகவும்தான் நுழைந்தார். வெளிநாட்டிலிருந்து உதவ வந்தவரிடம் யார் தாள் கேட்பார்கள்? நாம் கேட்க வேண்டும், நம் ஆட்களிடமே. பிரிட்டனில் வேலைக்கு வாங்கும் டி.பி.எஸ். குற்றப் பின்னணிச் சான்று இதற்குப் போதாது. வெளிநாட்டில் பிள்ளைகளோடு பணியாற்றப் போகிறவர்களுக்கென்றே பிரிட்டிஷ் போலீசின் குற்றப் பதிவு அலுவலகமான ஏக்ரோ, பன்னாட்டுக் குழந்தைப் பாதுகாப்புச் சான்றிதழ் தருகிறது. முகாமுக்குப் போகும் ஒவ்வொருவரும், சங்கத் தலைவர் உட்பட, அதை வாங்க வேண்டும். உள்ளூரில் அமர்த்தும் டியூஷன் ஆசிரியருக்கும் ஓட்டுநருக்கும் சமூக நல இலாகாவின் பதிவேட்டில் சோதனை கேட்கலாம். பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பெயர்கள் அதில் உண்டு. இரண்டு தாளும் மாட்டிக்கொண்டவரை மட்டும்தான் காட்டும். அதனால் டியூஷன் நடக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும். ஆசிரியர் பிள்ளைக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது, பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் அனுப்ப வேண்டும். போன் டாப்-அப், புதுச் சட்டை, பிறந்தநாள் பரிசு என்று ஒரே பிள்ளைக்குத் தொடர்ந்து போனால் நிறுத்திக் கேட்க வேண்டும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையை வசப்படுத்துவதே 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தில் தனிக் குற்றம். செய்தவர் ஆசிரியர் போன்ற நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தால் தண்டனை கூடும்.

பிள்ளை வாய் திறந்து சொல்லும் நேரத்தில்தான் நல்லவர்களும் தடுமாறுகிறார்கள். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று சத்தியம் செய்துவிடுகிறார்கள். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற முடியாது. “அவர் இங்க தொட்டாரா?” என்று கேட்டால் பதிலை நாமே ஊட்டுகிறோம். “அப்புறம் என்ன நடந்துச்சு?” என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே, தமிழிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதிக் கையெழுத்திட வேண்டும். “அது” என்று சொன்னால் “அது” என்றே எழுத வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. கூப்பிட்ட அன்றே போனிலிருந்து எல்லாம் அழிந்துவிடும். தலைமையாசிரியர், வாரியத் தலைவர், கோயில் தலைவர் என்று ஆளாளுக்குப் பிள்ளையைச் சொல்லவைக்கவும் கூடாது. ஐந்து முறை சொன்ன கதையில் சின்ன வேறுபாடு வரும், அதைப் பிடித்து வழக்கை உடைப்பார்கள். 2007ஆம் ஆண்டின் குழந்தைச் சாட்சியச் சட்டம் பிள்ளைகளின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவு செய்ய வழி வைத்திருப்பது இதற்காகத்தான். பிள்ளைக்கு மலாய் சரளமாக வராவிட்டால் தமிழ் பேசும் அதிகாரியையோ மொழிபெயர்ப்பாளரையோ முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பாலியல் கொடுமை நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் ஒவ்வொரு மணியும் முக்கியம். குளிப்பாட்ட வேண்டாம். உடுப்பைத் துவைக்காமல் காகிதப் பையில் போட வேண்டும். பிளாஸ்டிக்கில் ஈரம் சேர்ந்து தடயம் கெடும். நேரே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம், போலீஸ் புகார் முதலில் வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. “சாட்சி யாருமில்லையே” என்று குடும்பங்கள் பின்வாங்குகின்றன. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிள்ளையின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே நீதிமன்றம் தண்டிக்கலாம். தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதற்கு அதே சட்டத்தில் 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. பள்ளியின் பெயர் கெடும் என்று மூடிவைத்தவர்களுக்கும் அது பொருந்தும்.

மலர்க் குழுவுக்கு ஒன்று. உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளின் படத்தில் பெயர்ப்பட்டையும் பள்ளிச் சின்னமும் தெரிகின்றன. கீழே அப்பாவின் வேலை வேறு. தெரியாத ஒருவர் அந்தப் பிள்ளையைத் தேடிப் போக அவ்வளவு போதும். பெயரில்லாமல், பின்னாலிருந்து எடுத்த படமே போதுமானது.

அடுத்த தவணைப் பணத்தோடு ஓர் ஒட்டுத்தாளும் போகட்டும். அதில் மலேசிய அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள் என்று தமிழிலும் மலாயிலும் இருக்க வேண்டும். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒட்டினால் யாராவது பார்ப்பார்களோ என்று பிள்ளை நிற்காது. கழிவறைக் கதவின் உள்பக்கம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.