துறவிகளின் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக

கத்தோலிக்கக் கல்லூரி என்றதும் நம்மவர்களுக்குச் சென்னை லயோலாவும் திருச்சி ஜோசப்பும் பாளையங்கோட்டை சேவியரும் நினைவுக்கு வரும். ஆயிரக்கணக்கில் மாணவர்கள், நிரம்பி வழியும் வகுப்புகள். அமெரிக்காவில் இன்னொரு வகை உண்டு. ஊரை விட்டு ஒதுங்கி, காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே, மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர் படிக்கிற கல்லூரிகள். மினசோட்டா மாநிலத்தின் காலேஜ்வில்லில் உள்ள செயின்ட் ஜான்ஸ் அப்படி ஒன்று. பெயரில் யுனிவர்சிட்டி என்று இருந்தாலும் பெரும்பாலும் இளநிலைப் படிப்புதான். அங்கே கணிதமும் கொஞ்சம் கம்ப்யூட்டர் சயின்ஸும் சொல்லிக்கொடுத்த வருஷங்களைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

பென்சில்வேனியாவின் செயின்ட் வின்சென்ட் மடத்திலிருந்து வந்த பெனடிக்ட் சபைத் துறவிகள் 1857இல் தொடங்கிய கல்லூரி அது. மடமும் கல்லூரியும் ஒரே வளாகம். இங்கே ஆண்கள். நாலைந்து மைல் தள்ளி, செயின்ட் ஜோசப் என்ற சிற்றூரில், பெனடிக்ட் சபைச் சகோதரிகள் 1913இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி. வகுப்புகள் இரு தரப்புக்கும் பொது. நடுவே நாள் முழுக்க பஸ் ஓடும்.

முதலில் என்னை அசத்தியது, யாரும் யாருக்கும் தெரியாமல் போக முடியாது என்பதுதான். வகுப்பில் இருபது பேர் இருந்தால் அதிகம். ஒரு பையன் இரண்டு நாள் வராவிட்டால் எனக்குத் தெரியும், அவன் விடுதி மாடியில் குடியிருக்கும் துறவிக்கும் தெரியும். ஆமாம், சில விடுதி மாடிகளில் துறவிகளே மாணவர்களோடு தங்குகிறார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யார் வந்தாலும் பேசுவார்கள். நான் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வகுப்புக்குப் போகிறவன். அதைப் பற்றி ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. வருகிற விருந்தினரைக் கிறிஸ்துவாகவே வரவேற்க வேண்டும் என்று புனித பெனடிக்டின் ஒழுங்கு நூல் 53ஆம் அத்தியாயத்தில் சொல்கிறது. அதைச் சுவரில் எழுதி மாட்டுவது எளிது. அவர்கள் அதை நடந்து காட்டுகிறவர்கள்.

இனி மேப்பிள் மரங்கள். மார்ச் மாதத்தில் இரவு உறைந்து பகலில் பனி உருகத் தொடங்கும்போது மரத்தில் துளையிட்டால் நீர் சொட்டும். மடத்துக் காட்டில் 1942 முதல் அதைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். துறவி, மாணவர், பேராசிரியர், அக்கம்பக்கத்து ஊர்க்காரர் எல்லோரும் வாளி தூக்குவார்கள். பாகு காய்ச்சுகிறவர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. மரநீரில் எத்தனை விழுக்காடு சர்க்கரையோ, அந்த எண்ணால் 86ஐ வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் மரநீர் வேண்டும் என்று வந்துவிடும். 2 விழுக்காடு என்றால் 43 லிட்டர்.

ஏன் 86? இதை வகுப்பில் போட்டேன். பால் பண்ணைக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு பையன், அதுவரை வாயே திறக்காதவன், எழுந்து வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டான். பாகில் எடைக்கணக்கில் ஏறக்குறைய 66 விழுக்காடு சர்க்கரை. ஒரு லிட்டர் பாகு 1.3 கிலோவுக்குச் சற்று மேல் எடை. இரண்டையும் பெருக்கினால் 86க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மரநீர் லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ என்பதால் அந்தப் பக்கம் பெருக்க வேண்டியதில்லை. “வீட்டில் பாலின் கொழுப்பையும் இப்படித்தானே சார் கணக்குப் போடுவோம்” என்றான். அன்றிலிருந்து அவனுக்குக் கணக்கு அந்நியமாக இல்லை. பாடத்திட்டத்தில் இந்தக் கணக்கு எங்கும் இல்லை. ஆனால் பாடத்தை விட்டு வெளியே போகாதே என்று யாரும் என்னிடம் சொன்னதும் இல்லை. இதுபோன்ற கல்லூரிகள் தரும், ஒரே துறையோடு நிற்காத லிபரல் ஆர்ட்ஸ் கல்வி என்பது அதுதான் என்று நான் புரிந்துகொண்டேன். அக்கவுண்டிங் படிக்கிறவன் இறையியலும் படித்தாக வேண்டும், உயிரியல் படிக்கிறவள் ஓவியமும் பழகுவாள் என்பது விதிமுறை மட்டுமே. ஒன்று இன்னொன்றுக்குள் போய்வர வாத்தியாருக்கும் தைரியம் வேண்டும், கல்லூரியும் இடம் கொடுக்க வேண்டும்.

அந்த இடம் அங்கே தாராளமாகக் கிடைத்தது. 1998இல் இந்த மடம் டொனால்ட் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்துக் கலைஞரிடம் முழு பைபிளையும் கையால் எழுதித் தரச் சொன்னது. கன்றுத் தோலில், இறகுப் பேனாவால், தங்க ரேக்கு பதித்து அவரும் குழுவினரும் எழுதி முடிக்க 2011 ஆயிற்று. அதில் சாலமோனின் ஞான நூலில் ஓரிடத்தில் எழுத்தர் ஒரு வரியை விட்டுவிட்டார். தோல் ஏட்டைக் கிழித்துப் போட முடியுமா? விடுபட்ட வரியைப் பக்கத்தின் அடியில் எழுதி, அதைக் கயிறும் கப்பியும் கொண்டு ஒரு வண்டு போன்ற பெரிய தேனீ மேலே இழுப்பதாக ஓரத்தில் வரைந்திருக்கிறார்கள். நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டிய படம். இறக்கையின் நரம்பு ஒவ்வொன்றும் தெரியும், கப்பியின் வேலைப்பாடும் இயந்திர வரைபடம் போலத் துல்லியமாக இருக்கும். புரோகிராமிங் மாணவர்களை இதன் முழு அளவு அச்சுப் பிரதிக்கு முன்னால் நிற்க வைப்பேன். பிழை திருத்தும்போது எங்கே விட்டது, எங்கே சேர்த்தது என்பது அடுத்தவருக்குத் தெரியும்படி குறிப்பு வைக்க வேண்டும் என்று பிறகு நான் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட கல்லூரிகள் இன்று ஒவ்வொன்றாக மூடப்படுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் 1920 முதல் இருந்த செயின்ட் ரோஸ் கல்லூரி 2024இல் மூடப்பட்டது. பென்சில்வேனியாவின் கப்ரீனி பல்கலைக்கழகமும் அதே ஆண்டில். 2008க்குப் பிறகு அமெரிக்காவில் பிறப்பு குறைந்ததால் பதினெட்டு வயதுக்காரர்கள் குறைகிறார்கள். கையில் பெரிய நிதி இல்லாத சின்னக் கல்லூரிதான் முதலில் அடி வாங்கும். துறவிகளும் சகோதரிகளும் முன்போல இல்லை. சம்பளம் வாங்காமல் அவர்கள் செய்த வேலைக்கெல்லாம் இப்போது ஆள் அமர்த்த வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளை எங்கே சேர்க்கலாம் என்று இங்குள்ள தமிழ் நண்பர்கள் கேட்கும்போது பெரிய பல்கலைக்கழகங்களோடு இப்படி ஒன்றையும் பட்டியலில் வையுங்கள் என்கிறேன். இணையத்தில் போட்டிருக்கும் கட்டணத்தைப் பார்த்து மிரள வேண்டாம். பல தனியார் கல்லூரிகளில் உதவித்தொகை போகப் பாதி கட்டினாலே அதிகம். எங்கள் வீட்டுக்கு எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள். பையனையோ பெண்ணையோ ஒருநாள் அழைத்துப்போய் வகுப்பில் உட்காரவிடுங்கள். வாத்தியாருக்கு எத்தனை பேரின் பெயர் தெரிகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள்.