கடல் விலாங்கு: முதலில் தூரிகை, பிறகு கத்தி

எடுத்துக்கொண்ட மீன் ஜப்பானின் மா-அனாகோ. அறிவியல் பெயர் காஞ்சர் மிரியாஸ்டர். ஒரே மீனை முதலில் வரைவது, பிறகு அதையே அறுத்துச் சமைப்பது என்பதுதான் திட்டம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. வரைந்து முடித்த கைக்குக் கத்தி எங்கே நுழைய வேண்டும், எந்த இடத்தில் சரிவு மாற வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

இந்த மீனின் அறிவியல் வரலாறும் ஒரு படத்திலிருந்துதான் தொடங்குகிறது. தளபதி பெர்ரியின் அமெரிக்கக் கப்பற்படைப் பயணம் ஜப்பானுக்குச் சென்றபோது, உடன் போன ஓவியர்கள் அங்கே கிடைத்த மீன்களை வரைந்தார்கள். அந்த ஓவியங்களை ஆராய்ந்து ஜேம்ஸ் கார்சன் பிரெவோர்ட் எழுதிய குறிப்புகள் 1856-இல் வெளியாயின. இந்த இனத்துக்கு அவர் பெயர் வைத்ததும் அதில்தான்.

மீன் வாங்குதல்

40 செ.மீ. நீளம், ஏறத்தாழ 100 கிராம் எடை உள்ளவை வரையவும் சமைக்கவும் தோது. பெண் மீன்கள் ஒரு மீட்டர் வரை வளரும். ஆனால் அந்த அளவில் தோல் தடித்துவிடும், முள்ளும் நாக்கில் தட்டும். ஐந்து மீன் வாங்கினால் அறுத்துச் சுத்தம் செய்தபின் சுமார் 300 கிராம் சதை தேறும்.

உயிர்மீனாக வாங்கினால் கடைக்காரரே கழுத்தருகே தண்டெலும்பை வெட்டி இரத்தம் வடித்துக் கொடுப்பார். அந்த வெட்டை மீனின் வலப்பக்கத்தில் போடச் சொல்ல வேண்டும். மீன் ஓவியத்தில் தலை இடப்புறம் பார்த்திருப்பது மரபு; படத்தில் தெரிவது மீனின் இடப்பக்கம். வெட்டு அங்கே விழுந்துவிட்டால் செவுள் திறப்பின் வடிவம் கெட்டுவிடும்.

வரைதல்

ஐஸ் பரப்பிய தட்டின்மேல் ஈரப் பலகை, பலகையின்மேல் மீன். நனைக்க 3 சதவீத உப்புநீர்தான், அதாவது ஒரு லிட்டர் நீருக்கு 30 கிராம் உப்பு. வெறும் குழாய்நீர் பட்டால் கடல்மீனின் தோல் நீரை உறிஞ்சி வெளுத்துப் போகும், கண்ணிலும் படலம் விழும். அறிவியல் மீன் ஓவியர்கள்போல ஃபார்மலின் தடவித் துடுப்பை விறைப்பாக நிறுத்தும் வழி இங்கே அறவே கூடாது. இது சாப்பிடப்போகும் மீன். துடுப்பை விரித்துப் பார்க்க, ஒரு விரல் ஆழ உப்புநீரில் மீனை மிதக்கவிட்டாலே போதும். துடுப்புகள் தாமாக நிமிரும், ஓரத்தில் ஓடும் கருங்கோடும் அப்போது துலக்கமாகத் தெரியும்.

அளவெடுக்க ஸ்கேல் உதவாது, உடல் வளைந்திருக்கும். நூலைப் பக்கக்கோட்டின் (உடலின் பக்கத்தில் தலையிலிருந்து வால்நோக்கி ஓடும் துளை வரிசை) மேலேயே படியவைத்து, மார்புத் துடுப்பின் அடி, முதுகுத் துடுப்பு தொடங்கும் இடம், மலத்துளை ஆகிய மூன்றிலும் நூலில் மையால் குறியிட வேண்டும். ஏ3 தாள் 42 செ.மீ. என்பதால் 40 செ.மீ. மீனை நேராகப் போட்டால் படம் விளிம்பை முட்டும். மெல்லிய வளைவாகப் போடுவதே நல்லது.

நன்னீர் விலாங்காகிய உனாகியை வரைந்து பழகிய கைக்குத்தான் இதில் சிக்கல் அதிகம். அனாகோவில் மேல்தாடை முன்தள்ளி நிற்கும், உனாகியில் கீழ்த்தாடை. அனாகோவின் முதுகுத் துடுப்பு மார்புத் துடுப்பின் நுனிக்கு அருகிலேயே தொடங்கிவிடும். உனாகியில் வெகுதூரம் பின்னால். அனாகோவுக்குச் செதில் கிடையாது. உனாகியில் தோலுக்குள் புதைந்த நுண்செதில்கள் உண்டு. உடலின் குறுக்குவெட்டும் வாலை நோக்கி மாறிக்கொண்டே போகும். மலத்துளைவரை உருண்டை, அதற்குப் பின்னால் பக்கவாட்டில் தட்டை. நிழலை ஒரே அகலத்தில் தலையிலிருந்து வால்வரை இழுத்தால் படம் ரப்பர் குழாயாகத் தெரிவது இதனால்தான்.

இனி அந்த வெள்ளைப் புள்ளிகள். பக்கக்கோட்டின் துளைகள் ஒவ்வொன்றும் வெண்புள்ளியாகத் தெரியும். தலைக்கும் மலத்துளைக்கும் இடையில் சுமார் 40. அதற்கு மேலே, முதுகுப் பக்கமாக, இடைவெளி கூடிய இன்னொரு வரிசை உண்டு. தலையிலும் சிதறலாகச் சில. இந்த மீனின் அடையாளமே இவைதான், ஆகவே தோராயமாகத் தெளித்துவிட முடியாது. முன்பாதியின் புள்ளிகளை எண்ணியே இட வேண்டும்.

பழுப்பு நீர்வண்ணம் காய்ந்தபின் மேலே வெள்ளை குவாஷ் (ஒளிபுகா நீர்வண்ணம்) வைத்தால், அடியில் உள்ள பழுப்பு கரைந்து மேலேறும். புள்ளி அழுக்கு வெள்ளையாகிவிடும். அதனால் முதலிலேயே மாஸ்கிங் திரவத்தை (வண்ணம் படாமல் தாளை மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) நிப் பேனாவால் புள்ளியாக இட்டு, தானாகக் காயவிட்டு, பிறகு வண்ணம் பூசுவதே வழி. ஹேர் டிரையர் காட்டினால் அது தாளோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது நாரையும் பிய்த்துக்கொண்டு வரும். உரித்தபின் புள்ளியின் ஓரம் கூராக இருக்கும். மீனில் அப்படி இல்லை. ஈரமான 1-ஆம் எண் தூரிகையால் ஓரத்தை ஒருமுறை தொட்டால் கரைந்து இணங்கும். தாள் 300 ஜிஎஸ்எம், வழவழப்பான வகை. நிறங்கள் ரா அம்பர், மஞ்சள் ஓக்கர், துளி பெய்ன்ஸ் கிரே. முதுகின் பழுப்பு வயிற்றின் வெண்மையில் கலக்கும் இடத்தை ஈரத்தின்மேல் ஈரமாகவே பூச வேண்டும். அங்கே கோடு விழுந்தால் திருத்த இயலாது.

ஐஸ்மேலேயே இருந்தாலும் வழவழப்பு காயக் காயப் பளபளப்பு மங்கும். ஒளி படும் இடங்களை முதல் பத்து நிமிடத்தில் பென்சிலால் குறித்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம். வரைவதற்கு ஒரு மீன் போதும். மற்ற நான்கும் மூடிய டப்பாவில் குளிரிலேயே இருக்கட்டும்.

அறுத்தல்

டோக்கியோ பக்கம் முதுகைக் கீறித் திறப்பார்கள், ஒசாகா பக்கம் வயிற்றை. முதுகுவழியே எளிது. தலை வலப்புறம், முதுகு நம் பக்கம். தலையை மெஉச்சி எனும் கூராணியால் பலகையோடு அறைந்து நிறுத்தி, மார்புத் துடுப்புக்குப் பின்னால் எலும்பு தட்டும்வரை கத்தியை இறக்கி, எலும்பின்மேல் படுக்கவைத்து வால்வரை ஓட்ட வேண்டும். வயிற்றுத் தோல் துண்டாகக் கூடாது. வயிற்றறைக்கு மேலுள்ள பகுதியில் தண்டெலும்பு முக்கோண வடிவம். அங்கே கத்தியைச் சற்றுச் சாய்க்காவிட்டால் எலும்போடு சதையும் போய்விடும். வரையும்போது உருண்டை தட்டையாக மாறிய அதே இடத்தில்தான் கத்தியின் சரிவும் மாறுகிறது.

விலாங்குகளின் வேகாத இரத்தத்தில் நச்சுப் புரதம் உண்டு. கண்ணிலோ கைக்காயத்திலோ பட்டால் எரிந்து வீங்கும். கையுறை அவசியம். 60 டிகிரியில் ஐந்து நிமிடம் வெந்தால் அதன் வீரியம் போய்விடும், ஆகவே சமைத்த மீனில் பயமில்லை.

வழவழப்பை எடுப்பதில்தான் வாசனை அடங்கியிருக்கிறது. திறந்த மீனைத் தோல் மேலே தெரியச் சாய்த்த பலகையில் வைத்து, மேலே சமையல் தாளைப் போர்த்தி, 80 டிகிரி வெந்நீரை ஊற்ற வேண்டும். தளதளவெனக் கொதித்த நீர் என்றால் தோல் சுருங்கி வெடிக்கும். உடனே ஐஸ்நீர். வெள்ளையாகத் திரண்ட படலத்தைக் கத்தியின் முதுகால் தலையிலிருந்து வால்நோக்கி வழிக்கலாம். துடுப்படியில் மிச்சம் தங்கினால் குழம்பு முழுக்கச் சேற்று நாற்றம் ஏறும்.

வேகவைத்தல்

300 கிராம் சதைக்குத் தண்ணீர் 300 மி.லி., சாக்கே (ஜப்பானிய அரிசி மது) 150 மி.லி., சர்க்கரை 30 கிராம். இவை கொதித்ததும் சோயா சாஸ் 40 மி.லி., மிரின் (இனிப்பான சமையல் அரிசி மது) 40 மி.லி. மீனைத் தோல் கீழாகப் பரப்பி, குழம்பைத் தொடும்படி வட்டமாக வெட்டிய பேக்கிங் தாளால் மூடி, குமிழி மெல்ல எழும் சூட்டில் 20 நிமிடம். தீ கூடினால் தோலின் பசை கரைந்து சதை உதிர்ந்துவிடும். அடுப்பை அணைத்துப் பதினைந்து நிமிடம் குழம்பிலேயே ஊறவிட்டு, அகலக் கரண்டியால் எடுக்க வேண்டும். இடுக்கி பிடித்தால் உடையும். உனாகியில் 100 கிராமுக்குக் கொழுப்பு சுமார் 19 கிராம், அனாகோவில் 9-தான். உனாகிபோல நேரே தணலில் வாட்டினால் வறண்டுபோவது அதனால். வேகவைப்பதுதான் இதற்குப் பொருத்தம்.

தலையையும் எலும்பையும் பொன்னிறமாகச் சுட்டு அதே குழம்பில் போட்டு, வடிகட்டி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை சேர்த்துக் கால்பங்காக வற்றவிட்டால் நித்சுமே எனும் பூச்சுக்குழம்பு. ஆறும்போது இன்னும் கெட்டியாகும், ஆகவே குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்த்து, அது மெல்ல நகரும்போதே இறக்கிவிட வேண்டும். எலும்புச் சாற்றில் அரிசியை வேகவைத்து மேலே அனாகோவை அடுக்கினால் ஹிரோஷிமா பக்கத்து அனாகோமேஷி. மியாஜிமாகுச்சி ரயில் நிலையத்தில் 1901-இல் பொட்டலச் சோறாக விற்கத் தொடங்கிய உணவு அது.

இதைத் தமிழ்நாட்டுக் கரையில் செய்து பார்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீண்ட தாடையும் கோரைப் பல்லுமாக அங்கே கிடைக்கும் பெரிய கடல் விலாங்கு வேறு குடும்பம், ஜப்பானில் ஹாமோ என்று உண்ணப்படுவதன் உறவு. அதன் சதைக்குள் நுண்முட்கள் ஓடும். தோலை மட்டும் அறுக்காமல் விட்டு, 3 செ.மீ.க்கு 24 கீறல் என்ற நெருக்கத்தில் சதையைக் கொத்தி முள்ளைப் பொடித்தால்தான் வாயில் வைக்க முடியும். மேலே சொன்ன அனாகோ முறை அதற்குச் சரிப்படாது.

அடுத்த வேலை

வளர்ந்த மீனின் படம் முடிந்துவிட்டது. மீதி இருப்பது அதன் குஞ்சுப் பருவம். அனாகோ கரையோரத்தில் முட்டையிடுவதில்லை. 2008-இல் கியூஷு–பலாவ் கடலடித் தொடரின்மேல், ஓகினோடோரி தீவுக்குத் தெற்கே, அப்போதுதான் பொரித்த குஞ்சுகள் பிடிபட்ட பிறகே முட்டையிடும் இடம் தெரியவந்தது. அங்கிருந்து மிதந்து வரும் இலைவடிவக் குஞ்சுகளை ஜப்பானின் கோச்சி மாகாணத்தில் நோரெசோரே என்று வினிகரில் தோய்த்துப் பச்சையாகவே சாப்பிடுவார்கள். உடல் முழுக்கக் கண்ணாடி, கண் மட்டும் கருப்பு. வெள்ளைத் தாளில் இதை வரைய வழியில்லை. நடுத்தரச் சாம்பல் தாளும் வெள்ளைப் பென்சிலும் எடுத்துவைத்தாயிற்று. உயிர் போனதும் கண்ணாடி உடல் பால்போல் வெளுக்கத் தொடங்கும், ஆகவே தசை வரிகளை முதலில் எண்ணிக் குறித்துக்கொண்டு, உருவக்கோட்டை அதற்குப் பிறகு போடுவதாக இருக்கிறோம்.