காற்று முதுகில் இருக்கும்போது

வத்தலகுண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வருவதற்குள் தலையணை மாதிரி உப்பிவிடும். கொடைக்கானலில் வளர்ந்த எங்களுக்குப் பழகிய காட்சி. காற்றடித்து, மேலே நின்று துடுப்புப் போடுகிற பலகையான பேடில் போர்டுக்கும் அதே கணக்குத்தான் என்பது, அதை ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கீழேயே காற்றடித்து வண்டி மேல் கட்டிக் கொண்டுவந்தால் மலை ஏற ஏற விறைத்துக்கொள்ளும். அதனால் மேலே வந்துதான் அடிப்போம். 7000 அடியில் காற்று மெலிசு. போர்டுக்குள் 15 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற, கடற்கரையில் அமுக்குவதைவிடக் கூடுதலாகவே பம்பை அமுக்க வேண்டும். நாலு போர்டு முடிவதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவேன்.

அப்பா கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் படகு ஓட்டியவர். 1863-ல் லெவிஞ்ச் என்ற மதுரை கலெக்டர் கரை கட்டி உண்டாக்கிய அந்த ஏரிதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. துடுப்புப் படகில் ஓட்டுகிறவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். கயாக் என்கிற ஒடுங்கிய சின்னப் படகில் முன்னே பார்த்து உட்காருவோம் என்று சொன்னபோது அப்பா நம்பவே இல்லை. “அப்ப கெளம்புன கரை எப்படிடா தெரியும்?” என்றார். பழைய காலத்து ஆள் என்று சிரித்தேன்.

நடுவில் இரண்டு வருடம் ராமநாதபுரம் பக்கம், பாக் விரிகுடா கரையில் வழிகாட்டியாக இருந்தேன். புதியவர்களுக்கான ஒருநாள் பயணம். காலை ஆறு மணிக்கு மணலில் பாடம்: துடுப்பை எப்படிப் பிடிப்பது, கவிழ்ந்தால் எதை விடக்கூடாது. போர்டில் முதலில் முட்டி போடணும், அப்புறம்தான் நிற்கணும், காலைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்கணும். வெயிலும் காற்றும் ஏறுவதற்குள் கரையேறிவிடுவோம். உப்புத் தண்ணீர் லிட்டருக்கு 25 கிராம் போல எடை கூடுதல் என்பதால் ஆளைக் கொஞ்சம் தூக்கியே கொடுக்கும். விழுந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுவார்கள்.

அங்கே வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னதை மட்டும் அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த வடகரையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குள் போகும். கரையோரம் தண்ணீர் தாம்பாளம் மாதிரிக் கிடக்கும். “அலை இல்லைன்னு எறங்காதீங்க தம்பி. போறதுக்கு அது கூட்டிட்டுப் போயிரும், வர்றதுக்கு நீங்கதான் வரணும்” என்றார். தலையாட்டினேன். மூத்த வழிகாட்டி ஒருவர் எப்போதும் கூட இருந்ததால் அதை நான் சோதித்துப் பார்க்க நேரவில்லை.

மலைக்குத் திரும்பியபின், மேல்மலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் இருக்கும் குளத்தில் அதே ஒருநாள் பாடத்தை நடத்த ஆரம்பித்தோம். குளம்தானே என்ற அலட்சியம் எனக்கே இருந்தது. வருகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். கடலில் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கச் சொன்னால் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார்கள். இங்கே செல்ஃபிக்கு இடைஞ்சல் என்று பக்கிளை அவிழ்த்துவிடுவார்கள். உண்மையில் இங்கேதான் தண்ணீர் பொல்லாதது. குளிரில் விழுந்த முதல் நிமிடம் மூச்சு தானாக இழுக்கும், போகப் போகக் கையும் வேலை செய்யாது. உடனே ஏறப் பார்க்காமல் போர்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு அடங்கட்டும் என்று இருக்க வேண்டும். இதைக் கரையில் மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் இறக்குவேன்.

அன்றைக்கு ஆறு பேர். தேனியிலிருந்து வந்த ஒரு அக்கா, ஐம்பது வயதிருக்கும், முதல் முயற்சியிலேயே போர்டில் எழுந்து நின்றுவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். காற்று முதுகில். துடுப்பே போடாமல் போர்டு போனது, ஏனென்றால் நிற்கிற ஆளே பாய்மரம். நானும் முன்னால் கயாக்கில், அக்கறை இல்லாமல், அருமையாகப் போறோம் என்று நினைத்துக்கொண்டு போனேன். பாதிக் குளம் தாண்டித் திரும்பினால், கிளம்பிய கரையைக் காணோம். மஞ்சு, அதாவது பனிமூட்டம், இறங்கியிருந்தது. இரண்டு கயாக்குகளின் நிறம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

விசில் ஊதி ஆறு பேரையும் ஒரே இடத்தில் சேர்த்தேன். போர்டில் இருந்தவர்களை முட்டி போடச் சொன்னேன், உடம்பு தாழ்ந்தால் காற்றுக்குப் பிடி குறையும். அப்படியும் அக்காவால் எதிர்க்காற்றில் நகர முடியவில்லை. படுக்கச் சொல்லி, கயிறு மாட்டி, என் கயாக்கில் இழுத்தேன். வழி முழுக்க அவர் பேசவில்லை. நீர்க்கரைப் புல் கைக்கு எட்டியதும், “ஏந்தம்பி, திரும்பினா இம்புட்டுப் பாடுன்னு கெளம்புறப்பவே சொல்ல வேணாமா?” என்றார். பதில் சொல்ல எனக்கு வாயில்லை. தவறு முழுக்க என்னுடையது. எதிர்க்காற்றில் கிளம்பித் திரும்பும்போது காற்றைத் துணைக்கு வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் அரிச்சுவடி.

ராத்திரி வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “கரை தெரியலையா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தட்டை எடுத்து வைத்தார்.

இப்போது இருபது துடுப்புப் போட்டதும் விசில் ஊதுவேன். எல்லோரும் துடுப்பை மடியில் வைத்துக் கரைப்பக்கம் திரும்பி, பேசாமல் ஒரு நிமிடம் இருக்கணும், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று அவர்களே பார்த்துச் சொல்லணும். சிலருக்கு இது போரடிக்கும், போட்டோகூட எடுக்க விடுவதில்லை என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கயாக்கில் நானும் இப்போதெல்லாம் கூட்டத்துக்குக் கடைசியில்தான் வருகிறேன்.