இரண்டாவது ரியூப்

யாழ்ப்பாணத்தில் மருந்துக்கடையில் வேலை செய்து பதினொரு வருடமாகிறது. பின்னேரம் ரியூசன் விட்டதும் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வரும் பிள்ளைகளில் பலர் கேட்பது பருவுக்கு மருந்துதான்.

போன மாதம் ஏ.எல். படிக்கிற பிள்ளை ஒருத்தி, கழுத்துவரை சுருட்டிப் பிதுக்கிய கிளிண்டமைசின் என்ற அன்ரிபயோட்டிக் ரியூப்பை மேசையில் வைத்தாள்.

"அக்கா, முந்தி இது நல்லாக் கேட்டது. இப்ப எவ்வளவு பூசினாலும் கேக்குதில்லை. இன்னொண்டு தாங்கோ."

மருந்துத் துண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 1% கிளிண்டமைசினோடு 2.5% பென்சோயில் பெரொக்சைட்டும் எழுதியிருந்தது.

"மற்றது எங்க பிள்ளை?"

"அது எரியுது. அம்மான்ர மெரூன் துவாயும் வெளிறிப்போச்சு. எறிஞ்சிட்டன்."

எட்டு மாதமாகக் கிளிண்டமைசின் மட்டும்தான் பூசியிருக்கிறாள்.

கிளிண்டமைசின், கிருமி புரதம் செய்கிற ஒரே இடத்தைத்தான் தடுக்கிறது. அந்த இடம் கொஞ்சம் மாறிய கிருமிகள் தப்பிப் பெருகும். பென்சோயில் பெரொக்சைட் அப்படியல்ல. ஒட்சிசன் குறைந்த மயிர்த்துளைக்குள் வாழும் கிருமியை அது பல இடங்களில் ஒரேயடியாகத் தாக்குகிறது. அதற்குப் பழகிய பருக் கிருமியை இதுவரை கண்டதில்லை. எறிந்த ரியூப்தான் மற்றதைக் காத்துக்கொண்டிருந்தது. பரு போகாதது மட்டும் பிரச்சினையென்றால் பரவாயில்லை. தோலில் இருக்கும் ஸ்டஃபிலோகொக்கஸ் என்ற கிருமியும் இதே மருந்துக்குப் பழகிவிடலாம். நாளைக்குச் சீழ்க்கட்டுக்கோ புண்ணுக்கோ கிளிண்டமைசின் தேவைப்படும்போது என்ன செய்வது?

முந்தி நானும் கேட்டவுடன் அந்த ஒற்றை ரியூப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதை நினைக்கையில் மனம் உறுத்துகிறது. அன்று கொடுக்கவில்லை. வைத்தியரிடமே திரும்ப அனுப்பினேன்.

அவர் அடபலீன் 0.1%, பென்சோயில் பெரொக்சைட் 2.5% கலந்த ஜெல் எழுதினார். அதில் அன்ரிபயோட்டிக்கே இல்லை. அடபலீன் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். கிளிண்டமைசினை, அடபலீன் போன்ற ட்ரெட்டினோயினோடு சேர்த்தும் ஒரு ஜெல் உண்டு. பருவுக்கு அதுவும் நல்லதுதான், ஆனால் பெரொக்சைட் இல்லாததால் கிருமி பழகுவதைத் தடுக்க அது போதாது என்பது என் எண்ணம்.

எரிவைப் பற்றித்தான் அவளோடு கனநேரம் கதைத்தேன். இரவில் பயறளவு, முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, முதல் இரண்டு கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள். பகல் வெயிலில் சைக்கிள் ஓடுவதென்றால் சன்கிறீம் கட்டாயம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும், அதுவரை விடக்கூடாது.

போன கிழமை வந்தாள். கன்னம் கொஞ்சம் உரிந்திருந்தது, பரு இன்னும் இருந்தது. ஆனால் விடாமல் பூசுகிறாள். அம்மா வெள்ளைத் துவாய் வாங்கித் தந்திருக்கிறாவாம்.