செவ்வாய்க்கிழமைப் புத்தகங்கள்

ஏப்ரல் 14, 2025, திங்கள்

சித்திரை ஒன்று. காலையில் வீடியோ காலில் அம்மா கோவில்பட்டி வீட்டு மாங்காய்ப் பச்சடியைக் காட்டினாள். நான் இங்கே ரொட்டியைக் கடித்துக்கொண்டு, வேலை பார்க்கிற புத்தகக் கடைக்கு ஓடினேன். பென்சில்வேனியாவில் எங்கள் சிற்றூருக்கு இன்னும் வசந்தம் வந்து சேரவில்லை.

அமெரிக்காவில் புதுப் புத்தகங்கள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான் வெளியாகும். ஏன் செவ்வாய் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். "செவ்வாயோ வெறுவாயோ" என்று சொல்லி அன்று எதையும் தொடங்க விடாத எங்கள் ஆச்சி இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள். ஆக, எங்களுக்குத் திங்கள் மாலைதான் வேலை. முன் மேசையில் மூன்று வாரம் உட்கார்ந்திருந்த புத்தகங்களை அலமாரிக்கு அனுப்பிவிட்டு, "செவ்வாய்க்கு முன் விற்காதே" என்று ஒட்டி வந்த பெட்டிகளைப் பிரிப்போம். மேசை ஒன்றுதான். அதில் இருபது புத்தகங்களுக்கு மேல் முகம் காட்டி நிற்க முடியாது. அலமாரிக்குள் போய் முதுகைக் காட்டி நிற்கும் நாவலை யாரும் தேடி எடுப்பதில்லை.

அப்படிப் போகிற சிலவற்றைக் காப்பாற்றத்தான் சீட்டு. உள்ளங்கை அகல அட்டையில் கையெழுத்தில் நாலு வரி எழுதி, கீழே நம் பெயரைப் போட்டு, அலமாரி விளிம்பில் தொங்கவிடுவது. இங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது என் பெயரில் பதினொரு சீட்டுகள் தொங்குகின்றன. பில் போடுவது, பெட்டி உடைப்பது எல்லாம் யாரும் செய்யலாம். சீட்டு மட்டும்தான் என் சொத்து.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று ஒரு சீட்டு என்னைக் காலை வாரிவிட்டது.

கணக்கு டீச்சர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, வாரம் ஒரு நாவல் வாங்குகிறவர். அவர் பெயரை இங்கே போடப்போவதில்லை. போன வாரம் என் சீட்டை நம்பி எடுத்துப்போன நாவலைக் கவுன்டரில் வைத்தார். கோபம் ஒன்றும் இல்லை, கணக்கில் பிழை கண்டுபிடித்த முகம். "இதில் மேற்கோள்குறியே இல்லை. நாற்பது பக்கம் வரை யார் பேசுகிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்," என்றார்.

உண்மைதான். இப்போதைய ஆங்கில இலக்கிய நாவல்களில் உரையாடலுக்கு மேற்கோள்குறி போடாமல் எழுதுவது ஒரு மோஸ்தர். நான் படித்தபோது அது எனக்கு உறைக்கவே இல்லை. ஏன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். தமிழில் குறி இல்லாவிட்டாலும் பெரிதாகத் தடுமாற மாட்டோம். சொன்னான், சொன்னாள், சொன்னார் என்று வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். வாடா, வாங்க, வாரும் என்றால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே "யூ". குறியையும் பிடுங்கிவிட்டால் பாவம், டீச்சர் என்ன செய்வார்? என் காது பழகியதை அவர் காதுக்கும் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் வகுப்பில் நான் போன லெண்டிங் லைப்ரரி அண்ணாச்சி இந்தத் தப்பைச் செய்ததில்லை. அவர் எந்தப் புத்தகத்தையும் நல்லது என்று சொல்லிக் கேட்டதே இல்லை. "இது ஒனக்கு வேண்டாம் பாப்பா, ராத்திரி தூங்க மாட்ட." "இதை ஒங்கம்மாட்ட குடு, நீ கொட்டாவி விடுவ." வேண்டாம் என்றதைத்தான் நான் முதலில் தூக்குவேன் என்பதும் அவருக்குத் தெரியும்.

சீட்டைக் கழற்றி ஒரு வரி சேர்த்து மாட்டினேன்: "மேற்கோள்குறி இல்லாமல் வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் தொட வேண்டாம்." முதலாளியம்மா படித்துவிட்டு, "நாம் விற்கிற கடைதானே?" என்றார். ஆனால் கழற்றவில்லை.

ஏப்ரல் 26, சனி

கால் இரண்டும் வீங்கிவிட்டன. இன்று சுயேச்சைப் புத்தகக்கடை நாள், பெரிய நிறுவனம் எதையும் சேராத எங்களைப் போன்ற தனிக் கடைகளுக்கான நாள். 2014இல் கலிபோர்னியாவில் தொடங்கி, அடுத்த வருடம் நாடு முழுக்கப் பரவியது. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை நடக்கும். எங்களுக்கு இது தீபாவளி. பக்கத்து ஊர்க் கடைகளையும் சேர்த்து ஒரு நாளில் சுற்றி வந்து முத்திரை வாங்குகிற கூட்டம் ஒன்று உண்டு, அறுபடைவீடு போவது மாதிரி.

ஒரு பெரிய இணையக் கடை இதே வாரத்தில் புத்தகத் தள்ளுபடி அறிவித்திருந்தது. தேதி தற்செயலாக ஒத்துப்போய்விட்டதாம். முதலாளியம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, எலுமிச்சை கேக்கை இரண்டு மடங்காகச் சுட்டுக்கொண்டு வந்தார். நமக்குத் தள்ளுபடியில் போட்டி போட வழியே இல்லை. 28 டாலர் நாவலை விற்றால் பதிப்பகத்துக்கும் விநியோகஸ்தருக்கும் போக எங்களுக்கு நிற்பது 11இலிருந்து 13 டாலர். வாடகை, கரண்ட், என் சம்பளம் எல்லாம் அதற்குள்தான்.

மதியத்துக்கு மேல் ஒரு பெண் வந்தார். "நீங்கள் இந்தியாவா? நல்ல இந்திய நாவல் ஒன்று சொல்லுங்களேன்." எனக்கு இந்தக் கேள்வி என்றாலே ஒரு சின்ன எரிச்சல். என் பதினொரு சீட்டுகளில் நாலு ஐரிஷ், இரண்டு ஜப்பான், ஒன்று ஐஸ்லாந்துத் துப்பறியும் கதை. என் முகத்தைப் பார்த்தவர்கள் அதையெல்லாம் என்னிடம் கேட்பதில்லை. ஆனாலும் கடைசியில் என்ன சோகம் பிடிக்கும், எவ்வளவு நேரம் படிப்பீர்கள் என்றெல்லாம் விசாரித்து, வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' நாவலை எடுத்துக் கொடுத்தேன். இந்தியா இல்லை, யாழ்ப்பாணம், எண்பதுகள், டாக்டராக நினைக்கிற ஒரு பெண் சொல்கிற கதை. 2023 ஜனவரியில் வந்து, அடுத்த வருடம் பிரிட்டனின் பெண்கள் புனைவுப் பரிசு வாங்கியது. பரிசு வருவதற்கு முன்பே எங்கள் கடையில் அதற்குச் சீட்டு தொங்கியது என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

"இது சுலபமாக மூடி வைக்கிற புத்தகம் இல்லை," என்றேன். அவர் இன்னொரு பிரதியும் சேர்த்து எடுத்துக்கொண்டார், தங்கைக்கு. அண்ணாச்சி உத்தி.

ஏப்ரல் 30, புதன்

இரவு பதினொன்றரை. இவர் தூங்கியாயிற்று. நான் இண்டி நெக்ஸ்ட் பட்டியலுக்குப் பரிந்துரை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் சங்கம் 1900இல் தொடங்கியது. அவர்கள் மாதாமாதம் வரப்போகிற புத்தகங்களிலிருந்து ஒரு பட்டியல் போடுகிறார்கள். தேர்வு செய்பவர்கள் விமர்சகர்களோ பேராசிரியர்களோ இல்லை. நாடெங்கும் உள்ள சுயேச்சைக் கடைகளில் பெட்டி உடைக்கிறவர்கள், பில் போடுகிறவர்கள். 1999இல் புக் சென்ஸ் 76 என்ற பெயரில், எழுபத்தாறு புத்தகங்களோடு வந்தது. இப்போது மாதத்துக்கு 25. முதலிடம் ஒன்று, பிறகு மற்றவை. ஒவ்வொன்றின் கீழும் பரிந்துரைத்தவர் பெயர், கடை, ஊர். அச்சிட்ட துண்டறிக்கை கட்டுக்கட்டாகக் கடைக்கு வரும். வாடிக்கையாளர்கள் மளிகைச் சிட்டை மாதிரி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார்கள்.

இதற்காகவே பதிப்பகங்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே பிரதி அனுப்புகின்றன. விற்பனைக்கு அல்ல, பிழை திருத்தாதது என்று அட்டையிலேயே போட்டிருக்கும். கடையில் இதை ஆங்கிலத்தில் "கேலி" (galley) என்பார்கள். முதல் வாரத்தில் "உனக்குக் கேலி வந்திருக்கிறது" என்று சொன்னபோது நான் என்ன தப்பு செய்தேன் என்று பார்த்தேன்.

சரி, எழுத வேண்டியது நாலைந்து வரி. அதற்கு ஒன்றரை மணி நேரமாகியும் முடியவில்லை. என் எதிரி உரிச்சொற்கள். ஒளிரும் உரைநடை, மனதை உலுக்கும், மறக்க முடியாத, உடனே வாசிக்க வேண்டிய... பழைய பட்டியல்களில் இவற்றை எண்ணத் தொடங்கினால் விடிந்துவிடும். எல்லா நாவலும் மனதை உலுக்கினால் ஊரில் யாரும் சோறு பொங்க முடியாது.

நான் பரிந்துரைப்பது ஒரு முதல் நாவல். இன்னும் வெளிவராததால் பெயர் சொல்லக்கூடாது. அப்பா விட்டுப்போன கடனை மகள் தவணையாக அடைக்கிற கதை. அதில் வட்டிக் கணக்கு நிஜமாகவே வருகிறது, அத்தியாயத்துக்கு அத்தியாயம் அசல் எவ்வளவு குறைந்தது என்று நமக்குத் தெரியும். எனக்கு அதுதான் பிடித்தது. கடன் வாங்கியதே இல்லாத மாதிரி எழுதப்பட்ட நாவல்களைப் படித்து அலுத்துப்போயிருக்கிறேன். "இந்தக் குடும்பம் எவ்வளவு கடனில் இருக்கிறது என்று உங்களுக்கு டாலர் கணக்கில் தெரியும். கடைசித் தவணை அன்று நான் அடுப்பை அணைக்க மறந்தேன்." இதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். அடுப்பு உண்மை. பருப்பு அடிப்பிடித்தது.

மே 5, திங்கள்

மூன்று மணிக்கு அமெரிக்காவின் புலிட்சர் பரிசு அறிவிப்பு. புனைவுக்கு பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்'. மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி ஃபின் கதையை அதில் வரும் அடிமை ஜிம்மின் வாயால் சொல்வது. போன வருடம் மார்ச்சில் வந்து, தேசியப் புத்தக விருதும் வாங்கிவிட்டது, இதில் கடைக்காரர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாளைக்குச் செவ்வாய் மேசை வேறு. போதும்.

மே 8, வியாழன்

நாள் முழுக்க ரிட்டர்ன்ஸ். விற்காததைப் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பலாம் என்பது 1930களின் பெருமந்தக் காலத்தில் வந்த ஏற்பாடு. அது இல்லையென்றால் பெயர் தெரியாத எழுத்தாளரின் முதல் நாவலை எந்தச் சின்னக் கடையும் துணிந்து வாங்கியிருக்காது. இருந்தாலும் அட்டைப்பெட்டியில் அடுக்கும்போது கை கூசுகிறது. சின்ன அளவு மலிவுப் பதிப்பு என்றால் இன்னும் மோசம். அட்டையை மட்டும் கிழித்து அனுப்பினால் போதும், உள்ளே இருப்பது மறுசுழற்சிக் குப்பைக்கு. முதல் தடவை கிழித்தபோது என்னையறியாமல் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கூட வேலை பார்க்கிற பையன் அது என்ன என்று கேட்டான். சரஸ்வதியை விளக்கப் போய், ஆயுத பூஜையில் பஸ்ஸுக்குப் பொட்டு வைப்பது வரை வந்து நின்றது.

இன்று போன பெட்டியில் என் சீட்டுப் புத்தகமும் ஒன்று. ஆறு மாதத்தில் இரண்டு பிரதிதான் போனது. அதில் ஒன்று நான் வாங்கியது.

மே 21, புதன்

நேற்று மாலை லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்திலிருந்து சேதி. மொழிபெயர்ப்பு நூலுக்கான சர்வதேச புக்கர் பரிசு, பானு முஷ்தாக்கின் 'ஹார்ட் லாம்ப்'புக்கு. கன்னடத்திலிருந்து தீபா பஸ்தி மொழிபெயர்த்தது. சிறுகதைத் தொகுப்பு ஒன்று இந்தப் பரிசை வாங்குவது இதுதான் முதல் தடவை. 50,000 பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். இந்தப் பரிசில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி அது.

இரண்டு வாரம் முன்பே இதற்குச் சீட்டு எழுதியிருந்தேன். எழுதலாமா என்று யோசித்ததும் உண்மை. மறுபடியும் "இந்தியப் பெண்ணின் இந்தியப் புத்தகம்" ஆகிவிடுமே. பன்னிரண்டு கதைகள், தென்னிந்திய முஸ்லிம் பெண்களின் வீடு, வாசல், வழக்கு. பானு முஷ்தாக் ஹாசனில் வக்கீலும்கூட. பஸ்தி கன்னடச் சொற்களைச் சாய்வெழுத்தில் போடவில்லை, அடிக்குறிப்பும் இல்லை. உறவுமுறை புரியாவிட்டால் புரியாமலே உட்கார்ந்திரு, கல்யாண வீட்டில் உட்கார்வதில்லையா என்கிற மாதிரி. அதனால் என் சீட்டு: "யார் யாருக்கு என்ன உறவு என்று முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இது வேண்டாம். கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார முடிந்தவர்களுக்கு."

திண்ணைக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள். "போர்ச்" என்றுதான். வேறு வழி இல்லை.

முதலாளியம்மா காலையில் சந்தோஷமாகக் கேட்டார், "இது உன் மொழியா?" இல்லை, பக்கத்து வீடு என்றேன். காவிரிக்குச் சண்டை போடுகிற பக்கத்து வீடு என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கையிருப்பு இரண்டே பிரதி. பதினொரு மணிக்குள் போய்விட்டன. விநியோகஸ்தர் திரையில் பூஜ்யம். சின்னப் பதிப்பகத்துக்குப் பரிசு கிடைத்தால் இதுதான் நடக்கும், அச்சகம் மூச்சு வாங்க வேண்டும். நோட்டில் பதினாறு பெயர் எழுதி வைத்திருக்கிறேன். புத்தகம் இல்லாத இடத்தில் சீட்டு மட்டும் தொங்குகிறது.

மே 29, வியாழன்

மழை. கூட்டம் இல்லை.

நாலு மணிக்குக் கணக்கு டீச்சர் குடையை உதறிக்கொண்டு வந்தார். நேராகச் செவ்வாய் மேசைக்குப் போய், என் சீட்டு மாட்டிய ஒரு புது நாவலை எடுத்தார். பின்னட்டையைப் படிக்கவில்லை. நடுவில் பிரித்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். மேற்கோள்குறிகள் இருந்தன. இன்னும் பத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தார். அங்கேயும் இருந்தன. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கவுன்டருக்குக் கொண்டுவந்தார்.

பர்ஸைத் திறந்தவர் நின்றார். "அட்டையில் நாய் படம் இருக்கிறதே. அது செத்துப்போகுமா?"

எனக்கு வேர்த்துவிட்டது. சீட்டு எழுதும்போது கடைசி அறுபது பக்கத்தை மேலோட்டமாகத்தான் புரட்டியிருந்தேன். நாய் இருநூறாம் பக்கத்தில் நொண்டிக்கொண்டிருந்தது வரைக்கும் நிச்சயம். அதற்கப்புறம்?

"முழுசாகப் படித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பர்ஸை மூடினார். "சரி. எடுத்து வை."

அவர் பெயர் எழுதிய துண்டைச் செருகிக் கவுன்டருக்குப் பின்னால் வைத்தேன். என் சீட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இப்போது மணி பத்தே கால். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். நாய் இன்னும் நடக்கிறது.